நிலத்தின் சுழற்சியை அளக்க: அதிர்வுமானி வரிசையா, ஃபைபர் கைரோவா?

நிலநடுக்கத்தின்போது தரை மூன்று திசைகளில் நகர்வதோடு மூன்று அச்சுகளில் சுழலவும் செய்கிறது. வழக்கமான அதிர்வுமானி நகர்வை மட்டுமே அளக்கும். போதாக்குறைக்கு, தரை சாய்ந்தால் அதையும் கிடைமட்ட முடுக்கமாகவே பதிந்துவிடும். சுழற்சியைத் தனியாக அளக்க நான் தேர்ந்தெடுத்தது ஃபைபர் ஆப்டிக் கைரோ, அதாவது ஒளியிழைச் சுருளால் சுழற்சியை அளக்கும் கருவி.

நுட்பத்தில் முதலிடம், மூடிய பாதையில் எதிரெதிராக ஓடும் லேசர் ஒளிகளால் சுழற்சியை அளக்கும் ரிங் லேசருக்குத்தான். ஜெர்மனியின் வெட்செல்லில் உள்ள ‘ஜி’ கருவி 4 மீட்டர் பக்கமுள்ள சதுரம். ஆனால் அது நிலத்தடியில் நிலையாக அமைந்தது, களத்துக்குத் தூக்கிப்போக வழியில்லை. அதன் பதிவுகளோடுதான் எனக்குப் பழக்கம், கருவியோடு இல்லை. திரவத்தின் அசைவை மின்னோட்டமாக்கிச் சுழற்சியை அளக்கும் மின்வேதி உணரிகள் கைக்கடக்கமானவை. ஆனால் வெப்பநிலை மாறினால் அவற்றின் உணர்திறனும் மாறும்.

ஆக, உண்மையான போட்டி அதிர்வுமானி வரிசையோடு. கையில் இருக்கும் கருவிகளையே பரப்பி வைத்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்து சுழற்சியைக் கணக்கிடலாம். சிக்கல் அந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. 3 கிலோமீட்டர் அலைநீளமுள்ள அலை வருகிறது, இரு கருவிகளுக்கு இடையே 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வேறுபாடு அலையின் வீச்சில் ஏறக்குறைய 21 சதவீதம்தான். கருவிகளின் உணர்திறனில் 1 சதவீதம் பிசகினால், விடையில் 5 சதவீதம்வரை பிழை வரும். இடைவெளியை 30 மீட்டராக்கினால் வேறுபாடு 6 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதே பிசகு இப்போது 16 சதவீதப் பிழையாகிறது. அகலமாக்கினாலோ குறுகிய அலைகள் கைநழுவும். எங்கே வைத்தாலும் அளவுத்திருத்தம் தலைவலிதான்.

கைரோவில் அந்தத் தலைவலி மிகவும் குறைவு. ஃபைபர் சுருளில் எதிரெதிர்த் திசையில் ஓடும் ஒளிகளின் கட்ட வேறுபாட்டை அது அளக்கிறது. நேர்க்கோட்டு நகர்வு அதில் கலப்பதில்லை. இன்னொன்று, மாறாத சுழற்சியையும் அது உணரும். அதனால் பூமியே அளவுகோலாகிவிடுகிறது. மூன்று அச்சுகளின் அளவீடுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் பூமியின் சுழற்சி வேகமான நொடிக்கு 72.9 மைக்ரோரேடியன் வரவேண்டும். கருவி சாய்ந்திருந்தாலும், எந்தத் திசை பார்த்திருந்தாலும் அந்த எண் மாறாது. ஆய்வகத்துக்கு எடுத்துப்போகாமல், வைத்த இடத்திலேயே எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பல மாதம் ஆளில்லாத இடத்தில் விட்டுவைக்க வேண்டிய கருவிக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. லவ் அலையில் (தரையைப் பக்கவாட்டில் அசைக்கும் மேற்பரப்பு அலை) செங்குத்து அச்சுச் சுழற்சி வேகம் என்பது குறுக்கு முடுக்கத்தை அலைவேகத்தின் இருமடங்கால் வகுத்தது. வேகம் நொடிக்கு 4 கிலோமீட்டர், முடுக்கம் 1 மி.மீ./நொடி² என்றால் சுழற்சி நொடிக்கு 125 நானோரேடியன். அது தெளிவாகத் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் கைரோவின் இரைச்சலில் மூழ்கிவிடும். தொலைதூரச் சிறு நடுக்கங்களுக்கு வரிசையே மேல். நிலநடுக்கம் தோன்றும் நிலப்பிளவுக்கு மிக அருகே, பலத்த குலுக்கலில் கைரோ எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் அனுபவம் குறைவு. அங்கே என் பரிந்துரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைரோ வாங்கினாலும் பக்கத்தில் நல்ல அதிர்வுமானி ஒன்று கட்டாயம் வேண்டும். முடுக்கத்தையும் சுழற்சியையும் ஒரே புள்ளியில் அளந்தால்தான் மேலே சொன்ன வாய்பாட்டைத் திருப்பிப் போட்டு, ஒற்றை நிலையத்திலிருந்தே அலைவேகத்தைப் பெறமுடியும்.