48 வெள்ளிக்கு ஒரு முன்னோர் முகம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையருகே ஓர் அலங்காரப் பொருள் கடையில், ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நுய் தீவின் 'மோவாய்' என்ற பெருங்கற்சிலையின் ஒரு முழ உயர மாதிரியை 48 வெள்ளிக்கு வாங்கினேன். தமிழில் மோவாய் என்பது முகவாய்க்கட்டையைக் குறிக்கும். சிலையின் துருத்திய தாடையைக் கண்டபோது அந்தத் தற்செயல் ஒற்றுமை சிரிப்பூட்டியது.

வார்ப்பு நேர்த்தியானது. நீண்ட காதுகள் முதல் அடிவயிற்றில் விரல்கள் நெருங்கும் கைகள் வரை முழு உருவமும் இருப்பதால், ரானோ ராராக்கு மலைச்சரிவில் தலைகளாகத் தெரிபவற்றுக்கும் மண்ணுக்குள் உடல் உண்டென்பது விளங்கும். கரும்பூச்சு பொருந்தவில்லை, மூலச்சிலைகளில் பெரும்பாலானவை எரிமலைச் சாம்பல் இறுகிய பழுப்புக் கல்லால் ஆனவை.

கண்களை வெற்றுக் குழிகளாக விட்டதும் குறையே. 1978இல் அத்தீவின் அனக்கேனா கடற்கரையில் பவளக் கண் ஒன்று கிடைத்த பிறகுதான், மேடையேறிய சிலைகளுக்குக் கண் பதித்து, முன்னோரின் உயிருள்ள முகமாக ராப்பா நுய் மக்கள் கருதினர் என்ற புரிதல் வலுப்பெற்றது. நம் சிற்பிகள் இறுதியில் கண் திறப்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

என்னால் ஏற்க முடியாதது உடனிருந்த தகவல் தாள். அது ராப்பா நுய் மக்களை 'மறைந்துபோன இனம்' என்கிறது. 1862இல் தொடங்கிய பெரு நாட்டு அடிமை வேட்டையாலும் அம்மை நோயாலும் 1877இல் 111 பேராகக் குறைந்த அம்மக்கள், இன்றும் அத்தீவில் தம் மொழியோடு வாழ்கிறார்கள். 1868இல் ஆங்கிலேயக் கப்பல் எடுத்துச்சென்று, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹோவா ஹக்கனனையா சிலையைத் திருப்பிக் கேட்கிறார்கள். சிலையை வாங்கலாம், தாளைக் கிழித்துவிடுங்கள்.