ஊட்டியா, குன்னூரா: யாருடைய குளிர் நல்ல குளிர்?

கோப்பென் என்ற அறிவியலாளர் 1884-இல் தொடங்கிவைத்த தட்பவெப்ப வகைப்பாட்டுமுறையைக் கேட்டால், ஊட்டியும் குன்னூரும் ஒரே பெட்டி. குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் கீழே, வெயில் மாதத்தின் சராசரி 22-ஐத் தாண்டாது. சரி, இரண்டும் மலைக்குளிர் ஊர்கள்தான். ஆனால் இங்கே குடியிருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை சாரலும் காற்றுமாக நாள் முழுக்க அடிக்கும். துவைத்த துணி காயவே காயாது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்தால் உறைபனி. தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெயில் ஏறியதும் அழகு போய்விடும், பனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும். அதைப் பார்க்கும் விவசாயிக்கு அது சுற்றுலாக் காட்சி அல்ல.

குன்னூர் ஏறக்குறைய நானூறு மீட்டர் கீழே, மலையின் கிழக்குச் சரிவில். தென்மேற்கு மழை தொட்டபட்டா சிகரத்தின் பக்கமே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில். அப்போது மண் சரிந்து மேட்டுப்பாளையம் மலை ரயில் நிற்பதும் உண்டு.

என் ஓட்டு குன்னூருக்கு. ஜூலையில் ஊட்டி நனைந்துகொண்டிருக்க, இங்கே மதியத்தில் வெயில் எட்டிப் பார்க்கும். உறைபனி பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மட்டும் ஜனவரியில் மேலே ஏறுங்கள், ஆறு மணிக்குள் எழுந்துவிடுங்கள்.