முதியோர் மனச்சோர்வு: ஜிடிஎஸ்-15 நல்லதா, பிஹெச்க்யூ-9 நல்லதா?

ஜிடிஎஸ் (Geriatric Depression Scale) முதியோருக்கென்றே உள்ள கேள்வித்தாள்; பிஹெச்க்யூ (Patient Health Questionnaire) பொதுவானது. இரண்டும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பவை. இரண்டு கேள்வித்தாளும் இலவசம், சில நிமிட வேலை. அதில் போட்டியே இல்லை.

பதில் சொல்லும் விதம்:
ஜிடிஎஸ்: 15 கேள்வி, ஆம் அல்லது இல்லை.
பிஹெச்க்யூ: 9 கேள்வி, கடந்த 2 வாரத்தை வைத்து 0 முதல் 3 வரை மதிப்பெண். அதிகம் படிக்காதவர் 'பாதிக்கு மேற்பட்ட நாட்களா, ஏறக்குறைய தினமுமா' என்பதிலேயே திணறிவிடுவார்.

உடல் அறிகுறி:
இங்கேதான் விஷயமே. சில சமூகங்களில் மனக்கவலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் குறைவு. தூக்கமில்லை, உடம்பு அசதி என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிஹெச்க்யூ அதைப் பிடிக்கும், ஜிடிஎஸ் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் மூட்டுவலியால் தூங்காதவருக்கும் பிஹெச்க்யூவில் மதிப்பெண் ஏறும்!

தற்கொலை எண்ணம்:
பிஹெச்க்யூவின் 9-வது கேள்வி நேராகவே கேட்கிறது. ஜிடிஎஸ்-15இல் அது இல்லை.

எதுவானாலும், கேள்விகளை முதியவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவர் பிள்ளைகளை வைக்காதீர்கள். 'வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா?' என்று மகன் கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லைப்பா" என்றுதான் பதில் வரும்.

சரி, எது யாருக்கு? பல நோய்களோடு இருப்பவருக்கும் படிப்பு குறைந்தவருக்கும் ஜிடிஎஸ். உடம்பைச் சொல்லியே துக்கத்தைச் சொல்பவருக்கும், சிகிச்சையின் முன்னேற்றத்தைப் பார்க்கவும் பிஹெச்க்யூ.