விபாசனா: பத்து நாள் முகாமுக்கு அப்புறம் கிடைப்பது

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் விபாசனா தியானம் சொல்லித்தரும் தம்ம சேது மையத்துக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் பத்து நாள் முகாமைப் பற்றித்தான். விடிகாலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வாயே திறக்கக் கூடாது, ராத்திரிச் சாப்பாடு கிடையாது. எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே சமையல், பாத்திரம், வீடு என்று எதுவும் நம் தலையில் இல்லை. தியானத்தில் உட்காருவது ஒன்றே வேலை. வீட்டுக்கு வந்து, நிலைமை மோசமாகும்போது உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கட்டத்தில் இவர்கள் தரும் சேவைக்குத்தான் இந்த விமர்சனம்.

என் நிலவரம் இது: அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மெஷினில் நாலு மணி நேரம். ஊசி எடுத்தபிறகு ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பது, போக வர என்று பார்த்தால் பாதி நாள் ஓடிவிடும். எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. செப்டம்பர் வந்தால் டாக்ஸ் ஆடிட் நெருக்கடி வேறு.

முகாம் முடியும்போது காலை ஒரு மணி, மாலை ஒரு மணி தியானம் செய்யச் சொல்லி அனுப்புகிறார்கள். நோயாளி இருக்கும் வீட்டில் அந்தக் கணக்கே ஆளை மிரட்டும். இரண்டு மணி நேரம் முடியாது என்று மொத்தமாக விட்டவர்களை எனக்குத் தெரியும். என் அபிப்பிராயத்தில், இந்த மாதிரிச் சமயத்தில் கைகொடுப்பது முகாமின் முதல் மூன்றரை நாள் பாடமான ஆனாபானம்தான். மூக்கு நுனிக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, மூச்சு வந்து போவதைக் கவனிப்பது, அவ்வளவே. மனசு கொதிக்கும்போது உடம்பு முழுக்கக் கவனத்தை ஓட்டும் விபாசனாவோடு (அது அடுத்த நாட்களின் பாடம்) போராடாமல் இதற்குத் திரும்பும்படி ஆசிரியர்களே சொல்வார்கள்.

இதற்குத் தனி அறையெல்லாம் வேண்டியதில்லை. டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலி, தலைக்கு மேலே டிவியில் சீரியல். உள்ளே ஏதாவது மெஷின் கத்தினால் அம்மாவுக்குத்தான் பிரஷர் இறங்கிவிட்டதோ என்று வயிறு சுருங்கும். மூச்சு ஒரு துவாரத்தில் மட்டும், சூடாக, அவசரமாக ஓடுவது அப்போது நன்றாகவே தெரியும். அதைச் சரிசெய்யப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவாகத் தணிகிறது. சில நாள் தணிவதில்லை. அதையும் பார்க்க வேண்டியதுதான். (நான் தூங்குவதாக நினைத்து, பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் பைக்குக் காவல் இருந்திருக்கிறார்.)

தனியாகச் செய்தால் இதுவும் தேய்ந்துபோகும். அதனால் பழைய மாணவர்களுக்கான (பத்து நாள் முகாம் முடித்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள்) கூட்டுத் தியானத்துக்கும் ஒருநாள் முகாமுக்கும் என் முழு ஓட்டு. கூட்டுத் தியானம் ஒரு மணி நேரம். யாராவது ஒரு பழைய மாணவர் வீட்டு ஹாலில்கூட நடக்கும். வீட்டில் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிற நான், நாலு பேர் நடுவே எழ வெட்கப்பட்டே உட்கார்ந்துவிடுகிறேன். உனக்கு என்ன பிரச்சினை என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. ஆஸ்பத்திரி விவரத்தை ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒப்பித்துக் களைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

காசு விஷயம் சுத்தம். கட்டணம் எதற்கும் இல்லை. முகாம் முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள்.

இது சம்சாரிகளின் வழியாகவே வந்த முறை என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். இந்த முகாம்களை இந்தியாவில் தொடங்கிய ஆசிரியர் கோயங்கா. அவருடைய குரு ஊ பா கின், பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி. 1952-ல் ரங்கூனில் தியான மையம் தொடங்கியபிறகும் அரசு உத்தியோகத்தை விடவில்லை. கணக்குப் பிரிவு ஆள் என்பதில் எனக்கு ஒரு சின்ன இனப்பெருமை. வியாபாரியான கோயங்கா இவரிடம் போய்ச் சேர்ந்தது தீராத ஒற்றைத் தலைவலிக்காக. 1969-ல் அவர் இந்தியா வந்ததும், உடம்பு முடியாமல் இருந்த தன் அம்மாவுக்குச் சொல்லித்தரத்தான்.

இன்னும் முகாமே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தீப்பற்றி எரியும்போது ‘நிம்மதி தேடி’ முதல் முகாமுக்குக் கிளம்பாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் போய்ப் பதினோராம் நாள் காலையில்தான் வெளியே வருவீர்கள். அதுவரை வீட்டோடு பேச்சே கிடையாது. விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம், மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முகாம் முடித்துவிட்டு இடையில் விட்டவர்கள், மறுபடி பத்து நாள் லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் ஒருநாள் முகாமுக்குப் பெயர் கொடுங்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வருகிற ஞாயிறாகப் பார்த்துத்தான் நான் பதிகிறேன்.