நிமோனியாவுக்குப் பிறகு: மூன்று பந்துக் கருவியா, நடையா?

நிமோனியா தேறி வருபவர்கள் பலர் கையில் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் (மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றும் பயிற்சிக் கருவி) இருக்கும். அதோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதா, எழுந்து நடப்பதா என்றால் என் ஓட்டு நடைக்குத்தான்.

கருவி வீண் என்றில்லை. எழுந்து நடமாட முடியாதவருக்கும், விலா வலியால் மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கும் உதவும். ஆனால் பலர் அதை ஊதுகிறார்கள், இழுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டபின் வாயால் மெதுவாக இழுத்து, 3 முதல் 5 விநாடி அடக்கி, பிறகு வெளியே விட வேண்டும். பந்தின் மேல் உள்ள 600, 900, 1200 எல்லாம் காற்று உள்ளே போகும் வேகம்தான், நுரையீரல் கொள்ளும் அளவு அல்ல. வெடுக்கென்று இழுத்தாலே மூன்றும் ஏறிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிந்திருக்காது. முதல் பந்தை நிதானமாக மேலே நிறுத்தி வைப்பதே மேல். தலை சுற்றினால், விரல் மரத்தால், ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி போதவில்லை என்று பொருள்.

நடை முந்துவது தொடைத் தசையால். படுத்த நாட்களில் அது கரைந்துவிடும். மெலிந்த தசை சின்ன வேலைக்கே மூச்சு வாங்க வைக்கும். படியேறினால் இரைப்பதற்கு நுரையீரலை மட்டும் குறை சொல்ல முடியாது. பந்தை எத்தனை முறை தூக்கினாலும் கால் தேறாது. நடந்தாலோ கால் தேறும், மூச்சும் தானாக ஆழமாகும், சளியும் இளகும்.

சமதரையில் 5 நிமிடம், நாளுக்கு 3 வேளை என்று தொடங்கலாம். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடிய வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தால் பழைய அளவுக்கே திரும்புங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 5 முறை எழுந்து உட்காருவதும் சேரட்டும். இரைத்தால் நின்று, மூக்கால் 2 எண்ணி இழுத்து, குவித்த உதட்டால் 4 எண்ணி விடுங்கள். சளி இருந்தால் நடந்தபின் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல 'ஹா' என்று ஓரிரு முறை வேகமாக விட்டு, பிறகு இருமுங்கள். வறட்டு இருமலுக்கு இது வேண்டாம்.

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி யோகப் பயிற்சி? இருமல் அடங்கும்வரை தள்ளிப் போடுங்கள். வேகமான மூச்சு இருமலைக் கிளப்பும்.

இருமலும் இரைப்பும் பொதுவாக 6 வாரத்தில் குறையும்; சோர்வு 3 மாதம் கழித்தும் இருக்கலாம். இதய நோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாமல் போகலாம். மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சு வலி, திரும்பவும் காய்ச்சல், சளியில் ரத்தம், ஓய்வெடுத்தும் அடங்காத இரைப்பு என எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள்.