இருபது நிமிடத்தில் புலனுணர்வு மதிப்பீடா?

ஹட்டன் பக்கத் தனியார் சிகிச்சை நிலையமொன்றின் புலனுணர்வு மதிப்பீட்டுக்கு, அதாவது சத்தம், தொடுகை, வெளிச்சம் போன்றவற்றைப் பிள்ளை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்ப்பதற்கு, நான் தரும் புள்ளி ஐந்தில் ஒன்றரை. அமைதியான அறையில் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, 'பிரச்சினை இல்லை' என்று ஒரு பக்க அறிக்கை. சத்தம் தாங்காத பிள்ளை அங்கேயா காதைப் பொத்தும்? தகரக் கூரையில் மழை கொட்டும் வகுப்பறையில்தானே!

இந்த மதிப்பீட்டுக்குப் பயன்படும் கேள்விப் படிவம் சென்சரி புரொஃபைல் 2; அதன் சிறுவர் படிவத்தில் 86 கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர் பராமரிப்பவர். இங்கே ஆங்கிலப் படிவத்தைச் சிகிச்சையாளரே ஊகித்து நிரப்பியிருக்கிறார். ஆசிரியருக்கான தனிப் படிவம் பள்ளிக்கூடத்துக்குப் போகவேயில்லை.

பெற்றோரே, இப்படியான அறிக்கையை மறுப்பதென்றால் நிலையத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் படிவம், யார் பதில், பிரிவுவாரிப் புள்ளிகள் என்ன. இரண்டு வாரத்துக்கு, பிள்ளை தடுமாறும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், எது கிளப்பியது, எப்போது அடங்கியது என்று குறித்து, வகுப்பாசிரியர் கடிதத்தோடு இணையுங்கள். செவிப்புலன் பரிசோதனையை முதலில் முடிக்காவிட்டால், 'காதில்தான் கோளாறோ' என்ற கேள்வியில் உங்கள் வாதம் ஆட்டங்காணும்.

வரவேற்பில் தமிழில் நன்றாகப் பேசுகிறார்கள். அந்த ஒன்றரை அதற்குத்தான்.