வேலந்தாவளம் ரோடும் செட்டிபாளையம் டிராக்கும்: ஒரே காருக்கு எந்த சஸ்பென்ஷன்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கார் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சாவடி, மதுக்கரை தாண்டினால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் டிராக். வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டும் போலோ ஜிடியையே அங்கே கொண்டுபோகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்ப்ரிங் மட்டும் போதுமா, ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த செட் வாங்கணுமா, உயரத்தை நாமே மாற்றக்கூடிய காயிலோவருக்கு நேரே போய்விடலாமா?

ஸ்ப்ரிங் மட்டும் மாற்றுவதுதான் மலிவு. ஆனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கம்பெனி ஷாக், கம்பெனி ஸ்ப்ரிங்கை அடக்குவதற்காகச் செய்தது. கடினமான ஸ்ப்ரிங் திருப்பித் தள்ளும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு பள்ளம் தாண்டியதும் கார் இரண்டு மூன்று தடவை ஆடும். தவிர, காரைத் தாழ்த்தியதும் ஷாக் அமுங்குவதற்கான இடம் குறைந்து, வளைவின் நடுவிலேயே பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) போய் உட்காரும். அந்த நொடியில் முன் டயரின் பிடி போய்விடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன் ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு, ராடில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை இறுக்கி, கீழே தள்ளி வையுங்கள். சில சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அந்த டை காட்டிவிடும்.

போலோ போல, முன் சக்கரத்தை ஷாக்கே தூணாக நின்று தாங்கும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டியில் இன்னொரு சிக்கல். காரைத் தாழ்த்தும்போது புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் காரைச் சாய்க்கும் நெம்புகோலும் நீளும். அதனால், தாழ்த்திய கார் குறைவாகச் சாயும் என்று நம்ப முடியாது.

அடுத்தது செட். பில்ஸ்டைன் பி12 என்பது பி8 ஷாக்கும் ஐபாக் ப்ரோ-கிட் ஸ்ப்ரிங்கும் சேர்ந்தது. பி8 தாழ்த்திய காருக்கென்றே நீளம் குறைத்துச் செய்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக். ஆயில் இருக்கும் குழாயே வெளிச்சுவர் என்பதால் சூடு நேராகக் காற்றுக்குப் போகும்; சுற்றுச் சுற்றாக ஓட்டினாலும் ஷாக் சீக்கிரம் தளராது. அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது. ரோடு, டிராக் இரண்டுக்கும் ஒரே கார் வைத்திருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

உயரத்தைக் குறைக்கவே வேண்டாம் என்றால் பில்ஸ்டைனின் பி6 ஷாக். கம்பெனி ஸ்ப்ரிங்கோடு அப்படியே சேரும். கேரளப் பதிவு எண் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், கேரள வழக்கு ஒன்றிலேயே 2019-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. தரையை உரசும் கார் செக்போஸ்டில் உடனே கண்ணில் படும்.

காயிலோவர்களில் கேடபிள்யூ கம்பெனியின் வி1-இல் உயரத்தை மட்டும் மாற்றலாம். வி2-இல் ரீபவுண்டும் (ஷாக் திரும்ப நீளும்போது உள்ள இறுக்கம்), வி3-இல் ரீபவுண்டோடு கம்ப்ரெஷனும் (அமுங்கும்போது உள்ள இறுக்கம்) கைக்கு வரும். டிராக்குக்கு அருமையான சாமான், ஆனால் உட்கார்ந்து செட் பண்ணுகிறவருக்கு மட்டும். ரீபவுண்டைக் கூட்டிவிட்டால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் முழுசாகக் கீழே இறங்காமல், கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கிப் பதியும். நெல்லியாம்பதி மலைப்பாதையில், போத்துண்டி தாண்டி ஏறும்போது, பெயர்ந்த தாரில் இதை நன்றாகவே உணரலாம். ஜூன் மழையில் சேறு மரையில் ஏறி உயரம் மாற்றும் வளையம் இறுகிக்கொள்ளும். கழுவி கிரீஸ் போடாவிட்டால் மறுவருஷம் சுத்தியல்தான். இறுக்கத்தை முப்பத்திரண்டு கிளிக் மாற்றலாம் என்று சொல்லி விற்கும் மலிவு ரகங்களைத் தொடாதீர்கள். எத்தனை கிளிக் திருப்பினாலும் வித்தியாசமே தெரியாதவை அவற்றில் நிறைய.

பணம் குறைவென்றால் முதலில் நல்ல டயரும் அலைன்மென்ட்டும். முன் சக்கரத்துக்கு மைனஸ் 2 டிகிரி கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) டிராக்குக்குச் சுகம். தினமும் ஓட்டினால் டயரின் உள் ஓரம் தேயும். மைனஸ் 1.5 நடுத்தரம். போலோவில் இதற்குப் பெரும்பாலும் ஷாக்கின் மேல்முனையில், சாய்வை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் வைக்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் ஷாக்கின் மேல்முனையை பாடியோடு பிணைக்கும் டாப் மவுண்டையும் பேரிங்கையும் கூடவே மாற்றிவிடுங்கள். சக்கரத்தை பாடியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட்டைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்கக் கூடாது, சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.